அவியல்ல தயிரா புளியா: சாப்பாட்டுச் சண்டையை ஒழுங்கா போடுறது எப்படி

போன ஓணத்துக்கு கேரளாவுல நெய்யாற்றின்கரைல எங்க அக்கா வீட்டுல இலை போட்டு உக்காந்தோம், பருப்பும் நெய்யும் முடிஞ்சு சாம்பார் வரதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சாச்சு. அவியல்ல ஏன் தயிர் வாடை வருதுன்னு எங்க மாமா கேட்டாரு, தயிர் இல்லன்னா பின்ன அது அவியலா புளிக்கறியான்னு அத்தான் திருப்பிக் கேட்டாரு, அடைப்பிரதமன் பாயசம் இலைக்கு வர்ற வரைக்கும் அது ஓடிச்சு. யாரும் கோவிச்சுக்கல, ரெண்டு பேரும் ரெண்டாவது தடவை அவியல் கேட்டு வாங்கினாங்க. எனக்கு இந்த மாதிரி சண்டை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு சண்டை எங்க வீட்டுலயே நடந்தது, பத்து வருஷத்துக்கு முன்னாடி. அஞ்சு நிமிஷம் கூட ஓடல, ஆனா அதுக்கப்புறம் ஒரு ஆள் ரெண்டு வருஷம் அவியல் சட்டியைத் தொடவே இல்ல. அதைப் பின்னாடி சொல்றேன். இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். சாப்பாட்டுல சண்டையே வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், வாய்க்கு ருசியா சாப்பிடுற வீட்டுல சண்டை வரத்தான் செய்யும், ஆனா அதைப் போடுறதுக்கு ஒரு முறை இருக்கு.

எங்க பக்கம், அதாவது மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம், இந்தச் சண்டை கொஞ்சம் ஜாஸ்தி. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்துல இருந்தது, அன்னைக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டம்னு ஆகி, அப்ப மெட்ராஸ் மாநிலம்னு பேரு இருந்த தமிழ்நாட்டோட சேர்ந்தோம். மாநிலம் மாறிச்சே தவிர அடுக்களை அப்படியேதான் இருந்தது, அதே தேங்காயெண்ணெய், சம்பா அரிசிச் சோறு, தீயல், துவரன், புளிசேரி, மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. மதுரைல இருந்து வர்றவங்க எங்க சாப்பாட்டைப் பாத்து மலையாளத்தான் சாப்பாடுன்னு சொல்லுவாங்க, களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா அங்க உள்ளவங்க எங்களைப் பாண்டின்னு, அதாவது தமிழன்னு கிண்டலா சொல்லுவாங்க. செங்கோட்டை, கம்பம் குமுளி, வாளையார் பக்கம் இருக்கிறவங்களுக்கும் இது நல்லாவே புரியும். அதனால இங்க ஒருத்தர் குழம்பைப் பத்தி நீங்க ஒண்ணு சொன்னா அது சட்டுன்னு அவரோட ஊரைப் பத்தி, ஆளைப் பத்தி சொன்ன மாதிரி ஆயிடும். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இது மனசுல இருக்கணும்.

சரி, முதல்ல செய்ய வேண்டியது, இது எதைப் பத்தின சண்டைன்னு கண்டுபிடிக்கிறது. பாதிச் சண்டை ருசியைப் பத்தினதே கிடையாது, பேரைப் பத்தினது. "இது நல்லா இல்ல"ன்னு சொல்றவர் ருசியைச் சொல்றாரு. "இது அவியலே இல்ல"ன்னு சொல்றவர் அந்தப் பேரு எங்க வீட்டுக்குச் சொந்தம்னு சொல்றாரு. பேரு மேல வர்ற சண்டை வீட்டுல மட்டும் இல்ல, ரசகுல்லாவுக்கு வங்காளமும் ஒடிசாவும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, கடைசில 2017ல வங்காளத்து ரசகுல்லாவுக்குத் தனியா, 2019ல ஒடிசா ரசகோலாவுக்குத் தனியா புவிசார் குறியீடு குடுத்தாங்க, ரெண்டுக்கும் பேரு இருக்கு, ரெண்டையும் சாப்பிடலாம். வீட்டுலயும் அதே மாதிரி செய்யலாம். "இது அவியல் இல்ல"ங்கிறதை நிறுத்திட்டு "எங்க வீட்டுல அவியல் இப்படி வைக்க மாட்டோம்"னு சொல்லிப் பாருங்க. அப்படிச் சொன்னா எதிர்ல உள்ளவங்க "பின்ன எப்படி வைப்பீங்க"ன்னு கேப்பாங்க, முதல் மாதிரி சொன்னா "அப்ப நீயே வச்சுக்கோ"ன்னுதான் பதில் வரும்.

ரெண்டாவது, காரணத்தைக் கேளுங்க. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். அவியலையே எடுத்துக்குவோம். சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய் இதெல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி வேக வச்சு, தேங்காய் சீரகம் பச்சை மிளகாய் சதைச்சுப் போட்டு, கடைசில அடுப்பை அணைச்சுட்டு பச்சைத் தேங்காயெண்ணெயும் கருவேப்பிலையும் போட்டு மூடி வைக்கணும். இது வரைக்கும் யாருக்கும் தகராறு இல்ல. தகராறு புளிப்புலதான் வருது, தயிரா, மாங்காயா, புளியா. எங்க அம்மா புளிதான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. ஒரு நாள் சும்மா கேட்டேன், ஏம்மா புளின்னு. அம்மா சொன்னாங்க, மாங்காய் இருக்கிற மாசத்துல நாங்க மாங்காய்தான் போடுவோம் மக்களே, மாங்காய் இல்லாத மாசம் புளி, அப்பல்லாம் எங்க வீட்டுல பசு கிடையாது, தயிருக்கு எங்க போக, அதுவும் இல்லாம காலைல வச்ச அவியல் ராத்திரி வரைக்கும் இருக்கணும், தயிர் விட்டா மத்தியானம் தாண்டாது. அவ்வளவுதான் விஷயம். அக்கா வீட்டுல பசு உண்டு, தயிர் தினமும் மிச்சம். இருபது வருஷமா நான் கொள்கைச் சண்டைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது ஒரு பசுமாட்டைப் பத்தின சண்டை. காரணம் கேக்காம இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

இன்னொண்ணு எங்க பாட்டா, அதாவது தாத்தா. மரச்சீனிக் கிழங்கை அவர் கையால தொட மாட்டாரு. எங்க பக்கம் அவிச்சு மசிச்ச கிழங்கு மயக்கும் சாளை மீன் கறியும்னா உயிரை விடுவாங்க, இந்த மனுஷன் மட்டும் தட்டைத் தள்ளி வச்சுட்டு பழஞ்சோறு கேப்பாரு. பிள்ளைங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம், பாட்டாவுக்கு பெரிய வீட்டு நாக்குன்னு. ஒரு தடவை சித்தப்பாதான் எங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. திருவிதாங்கூர்ல 1880கள்ல விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல இந்தக் கிழங்கை நடச் சொல்லி ஊக்கப்படுத்தினாங்க, அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அங்க இருந்து வந்துக்கிட்டு இருந்த அரிசி நின்னு போச்சு, ஜனங்க கிழங்கை வச்சுத்தான் உயிர் பிழைச்சாங்க. பாட்டாவுக்கு அப்ப பத்து வயசு. காலைல கிழங்கு, ராத்திரி கிழங்கு, சில நாள் அதுவும் உப்பு மட்டும் போட்டு. அவரு வாயில அந்தக் கிழங்கு வச்சா என்ன ஞாபகம் வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும். அன்னைக்குப் பிறகு வீட்டுல கிழங்கு அவிக்கிற நாள்ல பாட்டாவுக்குச் சொல்லாமலே சம்பா சோறு தனியா வடிச்சிருப்பாங்க. ஒருத்தர் ஒரு சாப்பாட்டை வேண்டாம்னு சொன்னா "அதுல என்ன குறை"ன்னு பாயாதீங்க, "எப்ப இருந்து பிடிக்காது"ன்னு கேளுங்க, இந்தக் கேள்விக்குத்தான் கதை வெளிய வரும். சொல்ல இஷ்டம் இல்லன்னு தெரிஞ்சா விட்டுடுங்க.

நாக்கும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. 1931ல அமெரிக்கால ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு கெமிஸ்ட் லேப்ல ஒரு பொடியைக் கையாளும்போது அது காத்துல பறந்துச்சு, பக்கத்துல இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்துச்சு, இவருக்கு ஒண்ணுமே தெரியல, பொடியை நாக்குல வச்சுப் பாத்தும் கசக்கல. அதுல இருந்து தேடிப் போய் 2003ல அந்தக் கசப்புக்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. கசப்பு சிலருக்குப் பிறவிலயே தூக்கலாத் தெரியும். அதே மாதிரி கொத்தமல்லி இலை சிலருக்கு சோப்பு மாதிரி அடிக்கும், அது நடிப்பும் இல்ல, கெட்ட பழக்கமும் இல்ல, மூக்குல வாசனை பிடிக்கிற ஜீன் சம்பந்தப்பட்டது. பாவைக்காய் சாப்பிடாத பிள்ளையை நாலு பேரு முன்னாடி வச்சு "இதுக்கு வளர்ப்பு சரியில்ல"ன்னு சொல்ற பெரியவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அந்தப் பிள்ளை வாயில என்ன கசக்குதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

மூணாவது, சாப்பிட்டுப் பாத்துட்டுப் பேசுங்க. சாப்பிடாம கருத்து சொல்றவங்களாலதான் பாதி வம்பு. பழம்பொரிக்கு, அதாவது நேந்திரம் பழ பஜ்ஜிக்கு, பீஃப் கறி தொட்டுச் சாப்பிடுறது கேரளாவுல இப்ப எல்லா இடத்துலயும் ஓடுது, நான் முதல்ல கேள்விப்பட்டப்ப முகம் சுளிச்சேன், அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டேன், ஏத்தன் பழத்து இனிப்பும் அந்த மிளகுக் காரமும் சேரும்போது ஒண்ணை ஒண்ணு தூக்கி விடுது, இப்ப எனக்கு அதுல எந்தக் குறையும் இல்ல. புட்டுக்கு கடலைக்கறியா பழமும் பப்படமுமாங்கிறதும் அப்படித்தான், ரெண்டையும் சாப்பிட்டவன் சண்டை போட்டா கேக்கவே சுகமா இருக்கும்.

அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவை உலகமே திட்டுது இல்லியா. கிரேக்கத்துல பிறந்த சாம் பனோபுலோஸ்னு ஒருத்தர் 1962ல கனடாவுல தன்னோட ஹோட்டல்ல சும்மா ஒரு டப்பா அன்னாசியை எடுத்துப் போட்டுப் பாத்தாரு, அதுல ஆரம்பிச்சது. 2017ல ஐஸ்லாந்து ஜனாதிபதி ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்ககிட்ட, முடிஞ்சா அதைத் தடையே பண்ணிடுவேன்னு சொல்லி அது பெரிய விஷயமாகி, அப்புறம் அவரே எனக்கு அப்படித் தடை பண்ற அதிகாரம் இல்லாததுல சந்தோஷம்தான்னு எழுதினாரு. விளையாட்டுச் சண்டையை எப்படி இறக்கி வைக்கணும்ங்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் இது, கருத்தை மாத்திக்கவும் இல்ல, அடுத்தவன் தட்டுல கை வைக்கவும் இல்ல. எங்க ஊர்ல ரப்பர் மரத்துக்கு நடுவுல அன்னாசி போடுறாங்க, பெரியவங்க கைதச்சக்கைன்னு சொல்லுவாங்க, அதைத் தேங்காயும் கடுகும் அரைச்சு தயிர் விட்டுப் பச்சடி வச்சு கல்யாண இலைல சாம்பாருக்குப் பக்கத்துலயே வைக்கிறோம், பழுத்த மாம்பழத்தைப் புளிசேரில போடுறோம். இதையெல்லாம் வழிச்சுச் சாப்பிட்டுட்டு பழத்தை உப்புச் சாப்பாட்டுல போடலாமான்னு நாம கேக்க முடியாது. அடுத்தவங்க சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லத் தோணும்போது, நம்ம இலைல அதே மாதிரி ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, அநேகமா இருக்கும்.

பாரம்பரியம்ங்கிற வார்த்தையைச் சண்டைல எடுக்கறதா இருந்தா ரொம்ப கவனம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, இந்த மரச்சீனி எல்லாமே அமெரிக்கா கண்டத்துல இருந்து கப்பல்ல வந்தது. "எங்க பாட்டி காலத்துல இருந்து இப்படித்தான்"னு சொல்லுங்க, அது உண்மை, அதுக்கு மரியாதையும் உண்டு. "ஆதிகாலத்துல இருந்து"ன்னு ஆரம்பிச்சா மீன் குழம்புல மிளகாய்ப்பொடி எப்படி வந்துச்சுன்னு யாராவது கேப்பாங்க.

இப்ப விளையாடக் கூடாத இடத்துக்கு வரேன். உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் கருத்து கிடையாது, அதை "உனக்கு ஒரு ருசி எனக்கு ஒரு ருசி"ன்னு விட்டுக் குடுக்கக் கூடாது. மரச்சீனிக் கிழங்குல சயனைடு உண்டாக்குற ஒரு பொருள் இருக்கு, கசக்கிற கிழங்குல அது அதிகம். தோலு செத்தி, துண்டாக்கி, நிறைய தண்ணி விட்டு, மூடாம அவிச்சு, அந்தத் தண்ணியைக் கீழ கொட்டணும். சத்து போயிடும், தண்ணியோட மயக்கினாத்தான் ருசின்னு யாராவது சொன்னா அங்க சிரிச்சுக்கிட்டு சும்மா இருக்காதீங்க, எழும்பிப் போய் தண்ணியை வடிங்க. மீனும் அப்படித்தான். குளச்சல்லயும் தேங்காப்பட்டணத்துலயும் காலைல ஏறின சூரை, அயலை, சாளை எல்லாம் ஐஸ் இல்லாம மத்தியானம் வரைக்கும் வெளிய கிடந்தா அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், சாப்பிட்டவங்களுக்கு முகம் சிவந்து, சொறிஞ்சு, தலைவலி வரும். "நல்லாக் கொதிக்க வச்சா சரியாயிடும்"னு சொல்லுவாங்க, ஆகாது, கொதிச்சாலும் அது போகாது. எறா அலர்ஜி இருக்குன்னு ஒருத்தர் சொன்னா "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது"ன்னு ஊட்டி விடவே கூடாது, அந்த ஒரு வாய்ல மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறவங்க உண்டு.

தேங்காயெண்ணெய் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அதுல ருசி, ஊர்ப்பாசம், உடம்பு மூணும் பின்னிக் கிடக்கு. 2018ல ஜெர்மனில ஃப்ரைபர்க்ல ஒரு பேச்சுல ஹார்வர்ட் பேராசிரியை காரின் மிக்கேல்ஸ் தேங்காயெண்ணெயை சுத்த விஷம்னு சொன்னாங்க, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரம் அதே பேச்சு, பெரியப்பா அந்த அம்மாவை வண்டி வண்டியா திட்டினாரு. விஷம்ங்கிறது அதிகப்படியான வார்த்தைன்னுதான் நானும் நினைக்கேன். ஆனா அதுல 80 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்புங்கிறதும், கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும்ங்கிறதும், 2017ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அதை வேண்டாம்னு சொன்னதும் உண்மை. அதனால நான் எப்படி பிரிச்சுப் பேசுவேன்னா, "தேங்காயெண்ணெய் இல்லாம அவியல் இல்ல"ங்கிறது ருசி, அதுல நான் பெரியப்பா கட்சி. "தேங்காயெண்ணெய் எவ்வளவு குடிச்சாலும் இதயத்துக்கு நல்லது"ங்கிறது உடம்பு, அதுல நான் அவர் கட்சி இல்ல, அதுவும் அவரு நெஞ்சுவலி வந்து மாத்திரை சாப்பிடுறவரு. ஒரே ஆள்கிட்ட ஒரே எண்ணெயைப் பத்தி ரெண்டு விதமா பேச வேண்டி இருக்கு. ரெண்டாவதைச் சொல்லும்போது இலைல உக்காந்துக்கிட்டுச் சொல்லாதீங்க, சாப்பிட்டுத் திண்ணைல இருக்கும்போது தனியா சொல்லுங்க, "டாக்டர் என்ன சொன்னாரு பெரியப்பா"ன்னு கேட்டு ஆரம்பிங்க.

அடுத்தது நாத்தம்ங்கிற வார்த்தை. இதைச் சாப்பாட்டுப் பேச்சுல இருந்து எடுத்தே போட்டுடுங்க. தேங்காயெண்ணெய் நாறுது, கருவாடு நாறுது, மாட்டுக்கறி சமைச்ச வீடு நாறுது, இதெல்லாம் சாப்பாட்டைச் சொல்ற மாதிரி ஆரம்பிச்சு அதைச் சாப்பிடுற ஆளுல போய் நிக்கும். 2021 டிசம்பர்ல குளச்சல்ல மீன் வித்துட்டு வந்த ஒரு வயசான அம்மாவை நாத்தம்னு சொல்லி அரசு பஸ்ஸை விட்டு இறக்கினாங்க, அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுல நின்னு நியாயம் கேட்டது நாடு முழுக்கப் பாத்தது, முதலமைச்சரே கண்டிச்சாரு, ஊழியர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்த மீனைத்தான் நாம எல்லாரும் வாங்கிச் சாப்பிடுறோம். பீஃப் விஷயமும் அதேதான். சாப்பிடுறவங்க சாப்பிடாதவங்க ஒரே பந்தில உக்காருற ஊரு எங்களது, சாப்பிட மாட்டேன்னு சொல்றவங்களுக்குத் தெரியாம கரண்டியை மாத்திப் போட்டு வேடிக்கை பாக்கறதும் தப்பு, சாப்பிடுறவங்களைப் பாத்து "சுத்தமான சாப்பாடு சாப்பிடுங்க"ன்னு சொல்றதும் தப்பு. சுத்தம்னு ஒருத்தர் சொன்னா அடுத்தவரு அசுத்தம்னுதான அர்த்தமாகுது, இங்க அந்த வார்த்தைக்கு ரொம்பப் பழைய காயம் உண்டு, சாதி சொல்லிப் பந்தில இருந்து எழுப்பி விட்ட கதைகளை எங்க பெரியவங்களே பாத்திருக்காங்க. இந்த மாதிரி பேச்சு உங்க முன்னாடி வந்தா விளையாட்டா எடுத்துக்கிட்டு கடந்து போகாதீங்க, "அப்படிச் சொல்லாதீங்க மாமா"ன்னு ஒரு வரி போதும், சத்தம் வேண்டாம், ஆனா சொல்லிடணும்.

இப்ப அந்த அவியல் கதை. எங்க மைனி, அதாவது அண்ணி, மதுரைப் பக்கம். கல்யாணம் ஆகி வந்த முதல் பொங்கலுக்கு ஆசையா அவங்களே அவியல் வச்சாங்க, கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, மேல கடுகு உளுந்து தாளிச்சிருந்தாங்க. விருந்தாளிங்க பத்து பேரு இருந்தாங்க. பெரியவர் ஒருத்தர் இலைல விழுந்ததைப் பாத்துட்டு, வாயில கூட வைக்காம, "இது அவியல் இல்ல மக்களே, கூட்டு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம், "மதுரைல அவியலை எங்க கண்டிருக்கப் போறாவ"ன்னு ஒரு வார்த்தை கூடப் போட்டேன். மைனியும் சிரிச்சாங்க. கரண்டியைப் பாத்திரத்துலயே வச்சுட்டு உள்ள போனாங்க, அதுக்கப்புறம் இலைக்குப் பரிமாற வரல. நான் அதைக் கவனிக்கக் கூட இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு விசேஷத்துக்கு அம்மா "நீ அவியல் பாத்துக்கோ"ன்னு சொன்னப்ப "அது எனக்கு வராது அத்தை"ன்னாங்க, அந்தக் குரல்லதான் எனக்குச் சுருக்குன்னு உறைச்சது.

மன்னிப்பு கேக்கறதுலயும் முறை இருக்கு. பந்தில சொன்னதுன்னு பந்தில வச்சு மன்னிப்பு கேட்டா அவங்களை மறுபடி பத்து பேரு பாப்பாங்க. நான் அடுக்களைல அவங்க தேங்காய் துருவிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல போய் இருந்து, அன்னைக்கு நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே எடுத்துச் சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன்னு சேர்க்கல, சொன்னது தப்பு மைனின்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் துருவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "அவியலுக்காக இல்ல, அதை நான் எங்க அம்மாகிட்ட இருந்து படிச்சது, எங்க வீட்டுல ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு". நான் பதில் ஒண்ணும் சொல்லல. மறு வாரம் அவங்க அம்மா வைக்கிற மாதிரியே வச்சுத் தாங்கன்னு கேட்டேன், வச்சாங்க, உக்காந்து சாப்பிட்டேன், எனக்குத் தாளிப்பு பிடிக்கலன்னு உண்மையைச் சொன்னேன், முருங்கைக்காய் எங்க வீட்டை விட பதமா வெந்திருக்குன்னும் சொன்னேன், அதுவும் உண்மை. சும்மா சமாதானத்துக்குப் புகழாதீங்க, ருசி தெரிஞ்சவங்களுக்கு அது உடனே தெரிஞ்சுடும்.

கடைசியா, தீராத சண்டைக்கு ஒரு வழி. வாயால தீரலன்னா சட்டில தீருங்க. போன சித்திரைல எங்க வீட்டுல மூணு அவியல் வச்சோம். ஒரே காய், ஒரே தேங்காய் அரைப்பு, ஒரே எண்ணெய், புளிப்பு மட்டும் வேற. மாங்காய் காயோட சேர்ந்து வேகணும்ங்கிறதால அதுக்குத் தனிச் சட்டி. புளியைக் கெட்டியாக் கரைச்சு காய் முக்கால் வெந்ததும் விட்டு, பச்சை வாடை போன பிறகுதான் தேங்காய் போடணும். தயிர் புளிச்சதா இருக்கணும், நல்லாக் கடைஞ்சு, அடுப்பை அணைச்ச பிறகு விடணும், இல்லன்னா திரிஞ்சு போகும். மூணையும் ஒரே மாதிரி கிண்ணத்துல வச்சு அடியில நம்பர் எழுதி ஒட்டி, வச்ச ஆள் பரிமாறாம அக்கா மகளைப் பரிமாற விட்டோம். யாரும் முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு வச்சவங்களை அடுக்களைலயே இருக்கச் சொல்லியாச்சு. தயிர் எதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. மாங்காய் எது புளி எதுன்னு எங்க அம்மா உட்பட பாதிப் பேருக்கு மாறிப் போச்சு, பாத்தே கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு மாங்காய்த் துண்டை மட்டும் முதல்லயே எடுத்துட்டோம். மாமா மூணு கிண்ணத்தையும் வழிச்சுட்டு எண்ணெய் போதலன்னு புதுசா ஒரு பிரச்சனையைக் கிளப்பினாரு, அத்தான் அதுக்கு ஒத்துக்கல, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

மைனி இப்ப எங்க வீட்டுல அவியல் வைக்காங்க. தண்ணியைக் குறைச்சிருக்காங்க, ஆனா கடுகு தாளிக்கிறதை விடல. அம்மா சாப்பிடும்போது ஒவ்வொரு கடுகா எடுத்து இலை ஓரத்துல ஒதுக்கி வைப்பாங்க. போன வாரம் மைனி அதைப் பாத்துட்டு ரசம் விட வந்தவங்க அப்படியே நின்னு, "அத்தை, எத்தனைன்னு எண்ணி வைங்க, அடுத்த தடவை அத்தனை கூடப் போடுறேன்"னாங்க. அம்மா எண்ண ஆரம்பிச்சாங்க.